தட்டில் தெரிவது தவறா, தேர்வா? பற்றீரியாப் பிறப்புரிமையியலில் குறிகண்டு காரணம் தேடும் வழிமுறை

பற்றீரியாவை வைத்து மூலக்கூற்று வேலை தொடங்கும் யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவரின் கைக்கு வரும் செய்முறைக் குறிப்பு பெரும்பாலும் குளிர்நாடொன்றின் ஆய்வுகூடத்தில் எழுதப்பட்டதாகவே இருக்கும். அதில் “அறை வெப்பநிலை” என்று வருமிடத்தில் 20 முதல் 25 பாகை என்று பொருள். “நீர்” என்றால் உப்பு நீக்கிய நீர். குளிரூட்டி இரவு முழுவதும் ஓடும் என்பது சொல்லாமலே எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கும். இங்கோ சித்திரை, வைகாசி மாதங்களில் மேசையிலிருக்கும் வெப்பமானி 32, 33 பாகையைக் காட்டும். கிணற்று நீர் சுண்ணாம்புக்கற் பாறையில் ஊறி வருவது. மின்சாரம் எப்போது நிற்கும் என்று நம்பிச் சொல்ல முடியாது. இவற்றால் வரும் பிழைகளைத் தேடிப் பிடிப்பது அவ்வளவு கடினமல்ல. கடினமானவை, கையில் எந்தத் தவறும் இல்லாதபோதும் பற்றீரியா தன் இயல்பால் ஏற்படுத்தும் “பிழைகள்”.

ஐந்து மில்லிலீற்றர் ஊடகத்தில் ஓரிரவு வளர்ந்த எசரிச்சியா கோலை (சுருக்கமாக ஈ. கோலை) என்னும் பற்றீரியாவில் ஏறத்தாழ ஆயிரம் கோடிக் கலங்கள் இருக்கும். அதன் ஜீனோம் — முழு டி.என்.ஏ. தொகுதி — 46 இலட்சம் மூலச்சோடிகள் கொண்டது. ஒரு குறித்த மூலச்சோடி ஒரு தலைமுறையில் விகாரமடையும் வாய்ப்பு ஆயிரம் கோடியில் ஒன்று என்ற அளவில் உள்ளது. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், ஜீனோமின் ஒவ்வொரு மூலச்சோடியும் அந்த ஒரே குழாயில் எங்கோ ஒரு கலத்தில் ஏறத்தாழ ஒரு தடவை மாறியிருக்கும் என்பது தெரியவரும். நாம் நுண்ணுயிர்க்கொல்லி இடுவதும், சூடேற்றுவதும், உறையவைப்பதும், புதிய ஊடகத்துக்கு மாற்றுவதும் அந்தக் கூட்டத்திலிருந்து சிலரைத் தெரிந்தெடுக்கும் செயல்களே. ஆகவே கரைசலையும் கருவியையும் சந்தேகிக்கும் அதே வேளையில், “நான் செய்த இந்த வேலை எந்தக் கலங்களை வாழவிட்டது?” என்றும் கேட்க வேண்டும். கீழே உள்ள குறிகள் ஒவ்வொன்றிலும் அந்தக் கேள்வியைக் கேட்டே மேலே செல்கிறேன்.

குறி: நிலைமாற்றம் செய்த தட்டில் ஒரு கொலனிகூட இல்லை

நிலைமாற்றம் என்பது கலங்களுக்குள் வெளி டி.என்.ஏ.யைப் புகுத்துவது. அந்த டி.என்.ஏ.யைக் குறைசொல்லும் முன் கலங்களைச் சோதிக்க வேண்டும். பியூசி19 போன்ற அளவு தெரிந்த பிளாஸ்மிட் (நிறமூர்த்தத்துக்கு வெளியே தனியே இரட்டிக்கும் சிறு வளைய டி.என்.ஏ.) ஒன்றை 100 பிக்கோகிராம் எடுத்து அதே கலங்களுக்குக் கொடுத்து முழுவதையும் பரப்புங்கள். ஆயிரம் கொலனிகள் வந்தால் கலங்களின் திறன் ஒரு மைக்கிரோகிராமுக்கு ஒரு கோடி. கல்சியம் குளோரைட்டில் நாமே தயாரித்த கலங்களுக்கு இது நல்ல பெறுபேறு. இந்தத் தட்டும் வெறுமையாக இருந்து, நுண்ணுயிர்க்கொல்லி இல்லாத தட்டில் கலங்கள் செழித்து வளர்ந்தால், அவை உயிரோடு இருக்கின்றன, ஆனால் டி.என்.ஏ.யை ஏற்கும் நிலையில் இல்லை என்று கொள்ளலாம். எங்கள் வெக்கையில் இதற்கு முதற்காரணம், உறைந்த கலக்குழாயைக் கையில் பிடித்தே உருகவைப்பதும், மையநீக்கியின் சுழலியை முன்கூட்டிக் குளிர்விக்காமல் விடுவதும் ஆகும். 42 பாகையில் 45 நொடி என்பதை நீர்த்தொட்டியின் திரையைப் பார்த்து நம்பாமல், நீருக்குள் ஒரு வெப்பமானியை இட்டுப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

சோதனைப் பிளாஸ்மிட் நன்றாக வந்து உங்கள் டி.என்.ஏ. மட்டும் வரவில்லையென்றால், அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று பாருங்கள். பற்றீரியாக்கள் அந்நிய டி.என்.ஏ.யை அதன் மெதைல் குறிகளைக் கொண்டு அடையாளங்கண்டு வெட்டுகின்றன. 1950களின் தொடக்கத்தில், ஒரு குலவகையில் வளர்ந்த வைரசு மற்றக் குலவகையில் வளரத் தவறியதைக் கண்டபோது ஆய்வாளருக்கு அது விளங்காத புதிராக இருந்தது. அந்தப் புதிரைத் தொடர்ந்து சென்றதன் விளைவே 1978ஆம் ஆண்டு வேர்னர் ஆர்பர், டானியல் நேதன்ஸ், ஹமில்ற்றன் சிமித் ஆகியோர் பெற்ற நோபல் பரிசு. கள்ளில் வாழும் சைமோமோனாஸ் மொபிலிஸ் இதில் மிகக் கண்டிப்பானது: சாதாரண ஈ. கோலையிலிருந்து எடுத்த பிளாஸ்மிட்டை அது வெட்டிவிடும். மெதைல் குறியிடும் டாம், டிசிஎம் நொதியங்கள் இரண்டும் இல்லாத ஈ. கோலைக் குலவகையில் வளர்த்தெடுத்துக் கொடுத்தால் பெறுபேறு நன்கு உயரும்.

மின்துடிப்பால் டி.என்.ஏ.யைக் கலத்துக்குள் புகுத்தும் மின்துளைப்பின்போது “பட்” என்று பொறி பறந்தால் உப்பு மிகுந்துவிட்டது என்று பொருள். கலங்களை இன்னும் இரண்டு தடவை குளிர்ந்த தூயநீரில் கழுவினால் போதும்.

குறி: பெரிய கொலனியைச் சுற்றிச் சிறு கொலனிகள்

அம்பிசிலின் தட்டில் மட்டும் இது நேரும். எதிர்ப்புடைய கொலனி வெளிவிடும் பீற்றா-லக்ரமேசு நொதியம் சுற்றியுள்ள அம்பிசிலினை அழிக்க, அந்த நிழலில் எதிர்ப்பில்லாத கலங்கள் முளைக்கின்றன. 16 மணித்தியாலத்துக்கு மேல் தட்டை வைக்காதீர்கள். பெரியதை மட்டும் எடுங்கள். முடிந்தால் அம்பிசிலினுக்குப் பதிலாகக் காபெனிசிலினைப் பயன்படுத்துங்கள். ஏகார் கைபொறுக்கும் சூட்டுக்கு வருமுன் நுண்ணுயிர்க்கொல்லியைக் கலந்திருந்தாலும் இதே குறி தோன்றும்.

குறி: டி.என்.ஏ. இடாத தட்டிலும் சில கொலனிகள். ஒரேவிதமான குழாய்களில் எண்ணிக்கை தாறுமாறாக வேறுபடுகிறது

மாணவர்கள் என்னிடம் மிக அதிகம் கொண்டுவரும் குறி இதுதான். பத்துக் குழாய்களில் ஒரே அளவு கலங்களை இட்டு வளர்த்து, ரிபாம்பிசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி இட்ட தட்டில் பரப்பியிருப்பார்கள். ஒரு தட்டில் ஒன்றுமில்லை, இன்னொன்றில் மூன்று, வேறொன்றில் இருநூறு. பிப்பெற் பிழை என்று எண்ணி அந்த இருநூறை விலக்கிவிட்டுச் சராசரி எடுத்திருப்பார்கள். அந்த ஒரு தட்டை விலக்குவது, பரிசோதனை சொல்லவந்த செய்தியையே விலக்குவதாகும்.

இதைத் தீர்க்கும் சோதனை 1943ஆம் ஆண்டிலேயே சல்வடோர் லூரியாவும் மக்ஸ் டெல்புறூக்கும் வெளியிட்ட கட்டுரையில் இருக்கிறது. பத்துக் குழாய்களிலிருந்து ஒவ்வொரு மாதிரி எடுப்பதோடு நிற்காமல், ஒரே குழாயிலிருந்து பத்து மாதிரிகளையும் எடுத்துப் பரப்புங்கள். ஒரே குழாயின் பத்துத் தட்டுகளில் எண்ணிக்கை நெருங்கி வந்தால் — அதாவது மாறற்றிறன் (எண்ணிக்கைகள் சிதறும் அளவு) சராசரிக்கு அண்மையில் இருந்தால் — உங்கள் கையும் பிப்பெற்றும் சரியாகவே வேலை செய்துள்ளன. அதன்பின் குழாய்களுக்கிடையே தெரியும் பெரும் வேறுபாட்டுக்கு ஒரே விளக்கந்தான் உண்டு: மருந்தைச் சந்திக்கும் முன்னரே, வளரும் காலத்திலேயே விகாரம் தோன்றியிருக்கிறது. முடிவுக்குப் பல பிரிவுகளுக்கு முன்னரே விகாரம் நேர்ந்த குழாயில் அந்த ஒரு கலத்தின் சந்ததி முழுவதும் எதிர்ப்போடு பெருகி இருநூறாக வரும். கடைசிப் பிரிவில் நேர்ந்த குழாயில் ஒன்று, இரண்டு வரும். நேராத குழாயில் ஒன்றுமே வராது. மருந்து எதிர்ப்பை உண்டாக்கியிருந்தால் எல்லாக் குழாயிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை வந்திருக்க வேண்டும். நடன விருந்தொன்றில் சக ஆசிரியர் ஒருவர் காசு இட்டு ஆடும் சூதாட்டப் பொறியில் இழந்துகொண்டே வந்து திடீரென ஒரே தடவையில் பெருந்தொகை பெற்றதைக் கண்டபோதே இந்த எண்ணம் தமக்கு உதித்ததாக லூரியா பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1952ஆம் ஆண்டு எஸ்தரும் ஜோசுவா லெடர்பேர்க்கும் வெல்வெட் துணியால் ஒரு தட்டின் கொலனிகளை அப்படியே மறு தட்டுகளில் ஒற்றி, மருந்தைக் கண்டிராத எதிர்ப்புக் கொலனிகளையே தனியே பிரித்துக் காட்டினர்.

இந்த வேறுபாட்டை அளவிடவும் முடியும். 20 குழாய்களில் ஒவ்வொன்றிலும் பத்துக்கோடிக் கலங்கள் வளர்ந்து, ஒவ்வொரு குழாயும் முழுவதுமாகப் பரப்பப்பட்டு, ஏழு தட்டுகளில் ஒரு கொலனியும் இல்லையென்று வைப்போம். ஏழை இருபதால் வகுத்து இயற்கை மடக்கை எடுத்துக் குறியை மாற்றினால் 1.05 கிடைக்கும், அதுவே ஒரு குழாய்க்கான விகார நிகழ்வுகளின் சராசரி. ஆக, ஏறத்தாழ பத்துக்கோடிக்கு ஒன்று என்பது விகார வீதம். ரிபாம்பிசினுக்கு இது நம்பத்தக்க எண். ஆர்.என்.ஏ. பொலிமரேசின் ஒரு துணையலகைக் குறிக்கும் ஆர்பிஓபி பரம்பரையலகின் சிறு பகுதியில் ஒரேயொரு மாற்றம் நேர்ந்தாலே எதிர்ப்பு வந்துவிடும். காசநோய்க்கு ஒருபோதும் ரிபாம்பிசினை மட்டும் தனியே கொடுப்பதில்லை என்பதற்கும் இதே கணக்குத்தான் காரணம். மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்தில் ஒரே வேளையில் பல மாத்திரைகளை விழுங்கச் சொல்வதைக் கண்டவர்கள் இந்தப் பெருக்கலை ஒருமுறை மனத்தில் செய்துபார்க்க வேண்டும்.

ஆகவே டி.என்.ஏ. இடாத தட்டில் இரண்டு, மூன்று கொலனிகள் இருப்பது தட்டைக் கழிப்பதற்குப் போதிய காரணமல்ல. தட்டு முழுவதும் புல்தரைபோல் வளர்ந்திருந்தால்தான் மருந்து செத்துவிட்டது அல்லது இடவே மறந்துவிட்டது என்று கருத வேண்டும்.

குறி: பிளாஸ்மிட் காணாமற் போய்விடுகிறது

முதலில் வெப்பத்தைப் பாருங்கள். 30 பாகையில் மட்டும் இரட்டிக்கும் பிளாஸ்மிட்டுகள் உண்டு; பரம்பரையலகுகளை நீக்கப் பலரும் பயன்படுத்தும் பிகேடி46 அத்தகையது. சாதாரண இன்கியூபேற்றர் சூடேற்றும், குளிர்விக்காது. அறையே 33 பாகையில் இருக்கும்போது அதன் முகப்பில் 30 என்று திருகிவைப்பதால் பயனில்லை. நாங்கள் இதை உணர ஒரு வைகாசி மாதம் முழுவதும் சென்றது. குளிரூட்டும் வசதியுள்ள இன்கியூபேற்றர் இல்லாதவிடத்து, இந்த வேலையை மார்கழி, தை மாதங்களுக்கு ஒதுக்கி வைப்பதே மேல்.

வெப்பம் சரியென்றால் தேர்வைப் பாருங்கள். பிளாஸ்மிட்டைச் சுமப்பது கலத்துக்குச் செலவு. பிளாஸ்மிட் இல்லாத கலம் ஆயிரத்தில் ஒன்றாகத் தொடங்கி, சுமக்கும் கலம் ஒரு தடவை பிரியும் நேரத்தில் அது 1.2 தடவை பிரிகிறதென்று வைத்தால், 50 தலைமுறைகளில் இரு சாராரும் சமமாகிவிடுவர். நாளுக்கு ஆயிரத்திலொரு பங்கைப் புதிய ஊடகத்துக்கு மாற்றினால் நாளொன்றுக்குப் பத்துத் தலைமுறை. அதாவது திங்கள் முதல் வெள்ளி வரை மருந்தில்லாமல் மாற்றிக்கொண்டு வந்தாலே பாதி போய்விடும். எனவே மருந்தை இடுவதோடு, எப்போதும் உறைநிலைச் சேமிப்பிலிருந்தே புதிதாகத் தொடங்குங்கள். தட்டிலிருந்து தட்டுக்குத் தாவிக்கொண்டிருக்க வேண்டாம்.

குறி: சேமிப்பிலிருந்து மீட்ட குலவகை பழைய குணத்தைக் காட்டவில்லை

2022ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்சாரம் நின்ற காலத்தில், எங்கள் குளிரூட்டியிலிருந்த குழாய்கள் பல தடவை உருகி மீண்டும் உறைந்தன. பின்னர் மீட்டவை வளர்ந்தன. அதனால் தப்பிவிட்டோம் என்று எண்ணினோம். சில மாதங்களின் பின்பே, அமிலத்தைத் தாங்க வேண்டிய குலவகை தாங்கவில்லை என்பது தெரியவந்தது.

பசித்திருக்கும் கலங்களுக்குள் நடக்கும் போட்டியை 1993ஆம் ஆண்டு ரொபேர்ட்டோ கோல்ற்றரின் குழுவினர் விளக்கினர். பத்து நாள் பழைய வளர்ப்பிலிருந்து எடுத்த கலங்களைப் புதிய வளர்ப்பின் கலங்களோடு கலந்தால், பழையவை புதியவற்றை வென்றுவிட்டன. ஆர்பிஓஎஸ் என்னும் பரம்பரையலகு — நெருக்கடிக் காலத்தில் பாதுகாப்பு வேலைகளை இயக்கும் சிக்மா காரணி — அவற்றில் பழுதுபட்டிருந்தது. பாதுகாப்பைக் கைவிட்டு, கிடைக்கும் உணவைத் தின்று பெருகுவது அந்தச் சூழலில் வெல்லும் வழியாகிவிடுகிறது. அறை வெப்பத்தில் ஏகாரில் குத்திவைத்த சேமிப்புகளில் இது சாதாரணம்.

சோதிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஓரிரவு வளர்ந்த கொலனிகளைக் குளிர்பெட்டியில் ஒரு நாள் வைத்துவிட்டு அயடீன் கரைசலை ஊற்றுங்கள்: ஆர்பிஓஎஸ் நலமாக இருந்தால் கிளைக்கோசன் சேர்ந்து கபிலநிறமாகும், பழுதானவை மஞ்சளாக வெளிறியிருக்கும். ஐதரசன் பரவொட்சைட்டைச் சொட்டினால் நலமானவை நன்கு நுரைக்கும், பழுதானவை மெல்ல நுரைக்கும். ஒரே தட்டில் இரு நிறமும் கலந்திருந்தால் கபிலநிறக் கொலனிகளில் சிலவற்றைத் தனித்தனியே எடுத்து, கிளிசரோலில் சிறுசிறு குழாய்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழாயையும் ஒரே தடவை மட்டும் பயன்படுத்துங்கள்.

குறி: பி.சி.ஆர். பட்டை எதிர்பார்த்ததைவிட நீளம், அல்லது இரண்டு பட்டைகள்

நீளம் ஏறத்தாழ 770 அல்லது 1,200 முதல் 1,300 மூலச்சோடிகள் கூடியிருந்தால் பி.சி.ஆர். பெருக்கலைத் தொடக்கும் குறுந்துண்டான முன்தொடுப்பை மாற்ற ஓடாதீர்கள். ஈ. கோலையின் செருகற்றொடர்களில் (ஜீனோமில் இடம்விட்டு இடம் பாயும் டி.என்.ஏ. துண்டுகளில்) ஐஎஸ்1 768 மூலச்சோடிகள் நீளமானது. ஐஎஸ்2, ஐஎஸ்5 ஆகியவை அந்த 1,200–1,300 எல்லையை அண்டி வருவன. உங்கள் பரம்பரையலகு கலத்துக்குத் தீங்கு செய்வதாக இருந்தால், அதற்குள் ஒரு செருகற்றொடர் பாய்ந்து அதை முறித்த கலமே தட்டில் பெரிய கொலனியாக வளரும். அழகான பெரிய கொலனியையே தேடி எடுக்கும் நம் பழக்கம் அதற்கு இன்னும் துணைபோகிறது. பட்டையை வரிசைப்படுத்தி உறுதிசெய்தபின், சிறிய கொலனிகளை எடுத்துப் பாருங்கள். பரம்பரையலகின் வெளிப்பாட்டையும் தணித்து வையுங்கள்.

இரண்டு பட்டைகள் வருவதற்கு மாசும் காரணமாகலாம். ஆனால் சைமோமோனாஸ் போன்றவற்றின் ஒரு கலத்தில் நிறமூர்த்தத்தின் பல பிரதிகள் உண்டு. சில பிரதிகளில் நீங்கள் நீக்க முயன்ற பரம்பரையலகு நீக்கப்பட்டும் மற்றவற்றில் எஞ்சியும் இருக்கலாம். தனிக்கொலனியாக மூன்று, நான்கு தடவை கீறி வளர்த்தும் இரண்டாவது பட்டை மறையவில்லையென்றால், அந்தப் பரம்பரையலகு இன்றியமையாதது என்பதற்கு அது வலுவான அடையாளம்.

குறி: ஒரு குடுவை மட்டும் மற்றவற்றைவிடக் கலங்கியிருக்கிறது

பற்றீரியா இடாத ஊடகமே கலங்கியிருந்தால் நீரைப் பாருங்கள். வடித்த நீர் தீர்ந்துவிட்டதென்று கொதிக்கவைத்த கிணற்று நீரில் கனிப்பொருள் உப்பு ஊடகம் தயாரித்தால், சுண்ணாம்புக்கல்லிலிருந்து வந்த கல்சியம் பொசுபேற்றோடு சேர்ந்து ஒட்டோகிளேவுக்குள் வெண்மையாகப் படியும். கேத்திலின் அடியில் நாள்தோறும் பார்க்கும் படிவுக்கும் இந்த நீரின் கல்சியமே காரணம்.

வளர்ப்பே கலங்கியிருந்தால் பெரும்பாலும் மாசுதான். ஆனாலும் கொட்டும் முன் சோதிக்க வேண்டும் என்பதற்கு ஒரு பெரும் சான்று உண்டு. அமெரிக்க உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஈ. கோலையின் 12 குடித்தொகைகளைத் தொடங்கி, நாள்தோறும் நூறிலொரு பங்கைப் புதிய ஊடகத்துக்கு மாற்றி வந்தார், நாளுக்கு 6.6 தலைமுறைகள். ஏறத்தாழ 33,000 தலைமுறைகளின் பின் ஒரு குடுவை மட்டும் கலங்கியது. ஊடகத்திலிருந்த சிற்றிரேற்றை ஒட்சிசன் உள்ளபோது ஈ. கோலை உண்ணாது என்பது அந்த இனத்தை இனங்காணவே பயன்படும் குணம். ஆகவே வேறு பற்றீரியா புகுந்துவிட்டது என்றே முதலில் எவரும் எண்ணுவர். ஆனால் தொடக்கத்திலேயே பாதிக் குடித்தொகைகளை அரபினோசைப் பயன்படுத்துவனவாகவும் மறுபாதியைப் பயன்படுத்தாதனவாகவும் அவர் தெரிவுசெய்திருந்தார். தட்டில் ஒன்று சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரியும். அடுத்தடுத்து இரு வகைகளையும் மாற்றி மாற்றிக் கையாண்டதால் கலப்பு நேர்ந்தால் உடனே தெரியும். அந்த அடையாளமும் ஏனைய சோதனைகளும் அது தொடக்கத்திலிட்ட அதே குலவகையின் சந்ததி என்று காட்டின. 2008ஆம் ஆண்டு முடிவு வெளியானது. சிற்றிரேற்றை உள்ளெடுக்கும் புரதத்தின் பரம்பரையலகு இரட்டித்து, ஒட்சிசன் உள்ளபோதும் இயங்கும் ஊக்கி (பரம்பரையலகை இயக்கிவிடும் டி.என்.ஏ. பகுதி) ஒன்றின் கீழ் வந்து சேர்ந்திருந்தது.

அந்த இருநிற அடையாளத்தை எந்தச் சிறிய ஆய்வுகூடத்திலும் செய்யலாம். பனையேறுவோர் முட்டியில் முதல்நாட் கள்ளின் அடிமண்டி எஞ்சியிருக்க மறுநாள் அதையே கட்டும்போது நடப்பதும் இத்தகைய தொடர்மாற்றம்தான் என்பதை நினைத்தால், நம் ஊரில் இந்தப் பரிசோதனை எத்தனை தலைமுறையாக நடந்து வருகிறது என்று எனக்கு வியப்பு உண்டாகும். கருப்பநீர் எடுக்கச் சுண்ணாம்பு பூசிய முட்டியில் மட்டும் அது தடைப்படுகிறது.

குறி: வயல்மண் மாதிரியில் சுருங்கிய, உலர்ந்த கொலனிகள், ஜென்ராமைசின் இட்டும் வளர்கின்றன

இங்கு பிழை தேடுவதை நிறுத்துங்கள். மூடியைத் திறக்காதீர்கள், முகர்ந்து பார்க்காதீர்கள். இது பேர்க்கோல்டேரியா சூடோமல்லேயாக இருக்கலாம். மெலியோய்டோசிஸ் நோயை உண்டாக்கும் இந்தப் பற்றீரியா இலங்கையில் 1927ஆம் ஆண்டிலேயே நோயாளி ஒருவரில் பதிவாகியுள்ளது; ஈர வயல்மண்ணிலும் நீரிலும் வாழ்கிறது; நீரிழிவு உள்ளவர்களைக் கடுமையாகத் தாக்குகிறது. தானியங்கி இனங்காணும் கருவிகள் இதை வேறொரு பேர்க்கோல்டேரியா என்று தவறாகப் பெயரிடுவதுண்டு. சூடோமோனாஸ் மாசு என்று கருதித் தூக்கி எறிவதும் உண்டு. தட்டை ஒட்டி, மூடி, மருத்துவ நுண்ணுயிரியல் பிரிவுக்குத் தெரிவித்து, கையாண்டவர்களின் பெயர்களை எழுதிவையுங்கள். மாணவர் ஒருவரின் உடல்நலத்தைவிடப் பெரிய தரவு எதுவும் இல்லை.

குறி: கோத்த ஜீனோம் அளவில் பெருத்தோ, துண்டுதுண்டாகவோ இருக்கிறது

வரிசைப்படுத்தும் கருவி டி.என்.ஏ.யைத் துண்டுகளாகவே வாசிக்கிறது. அந்த வாசிப்புகளைக் கணினியில் இணைத்துப் பெறுவதே கோத்த ஜீனோம். கள்ளிலிருந்து பிரித்ததாக நம்பிய சைமோமோனாசின் ஜீனோம் 20 இலட்சம் மூலச்சோடிகளுக்குச் சற்று மேலாக வரவேண்டும். 40 இலட்சம் வந்தால் பெரும்பாலும் இரண்டு பற்றீரியாக்கள் சேர்ந்துள்ளன. துண்டுகளின் ஜி.சி. வீதத்தையும் (குவானின், சைற்றோசின் மூலங்களின் பங்கு) வாசிப்பு ஆழத்தையும் (ஓரிடம் எத்தனை தடவை வாசிக்கப்பட்டது) வரைபில் இடுங்கள். சைமோமோனாஸ் 46 வீதத்தை அண்டியும், கள்ளில் அதோடு வாழும் லியூகோனொஸ்டொக் 38 வீதத்தை அண்டியும் இரு மேகங்களாகப் பிரிந்து தெரியும். ஒவ்வொரு ஜீனோமிலும் ஒரேயொரு பிரதி இருக்கவேண்டிய பரம்பரையலகுகள் இரண்டிரண்டாக இருந்தால் ஐயமே வேண்டாம். மீண்டும் தனிக்கொலனியிலிருந்து தொடங்குங்கள்.

அளவு சரியாக இருந்து துண்டுகள் மட்டும் அதிகமென்றால், அது மீள்வரும் பகுதிகளின் வேலை. ஈ. கோலையில் ரைபோசோம் ஆர்.என்.ஏ. தொகுதி ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மூலச்சோடிகள் நீளமானது, ஏழு இடங்களில் இருக்கிறது; 150 மூலச்சோடி வாசிப்புகளை எத்தனை மடங்கு கூட்டினாலும் அதைத் தாண்ட முடியாது. நீண்ட வாசிப்பு வேண்டும். சரியாக 5,386 மூலச்சோடிகளில் ஒரு துண்டு இருந்தால் அது பைஎக்ஸ்174 வைரசு. குறுவாசிப்புக் கருவியில் கட்டுப்பாடாகச் சேர்க்கப்படுவது. 1977ஆம் ஆண்டு பிரெடரிக் சாங்கரின் குழு வரிசைப்படுத்திய அந்த வைரசு, பொதுத் தரவுத்தளங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பற்றீரியா ஜீனோம்களுக்குள் தவறுதலாகச் சேர்ந்துள்ளது. அதைப் “புதிய பிளாஸ்மிட்” என்று எழுதிவிடாதீர்கள்.

வாசிப்பு ஆழம் நிறமூர்த்தத்தின் இரட்டிப்புத் தொடக்கப்புள்ளியருகே உயர்ந்து முடிவுப்புள்ளியருகே தாழ்ந்து சரிவாகத் தெரிவது பிழையே அல்ல. ஈ. கோலை தன் நிறமூர்த்தத்தை ஒருமுறை இரட்டிக்க 40 நிமிடம் எடுக்கிறது. 20 நிமிடத்துக்கொருமுறை பிரியும்போது ஓர் இரட்டிப்பு முடியுமுன் அடுத்தது தொடங்கிவிடும். அப்போது தொடக்கப்புள்ளியின் பிரதிகள் முடிவுப்புள்ளியினதைவிட நான்கு மடங்காகும். சரிவு வேண்டாமென்றால் வளர்ச்சி நின்றபின் கலங்களைச் சேகரியுங்கள்.

குறி: நூற்றுக்கணக்கான பரம்பரையலகுகள் முறிந்து கிடக்கின்றன

இரண்டில் ஒன்று. நீண்ட வாசிப்புகள் ஒரே மூலம் தொடர்ந்து வருமிடங்களில் எண்ணிக்கையைப் பிழையாக வாசித்து, வாசிப்புச் சட்டத்தை (மூலங்கள் மும்மூன்றாகப் படிக்கப்படும் ஒழுங்கை) உடைத்திருக்கலாம். அல்லது ஜீனோம் உண்மையிலேயே சிதைந்துகொண்டிருக்கலாம். முறிவுகள் பெரும்பாலும் ஆறு, ஏழு ஒரேமூலத் தொடர்களில் விழுந்தால் முதலாவது. குறுவாசிப்புகளால் திருத்தினால் மறையும். முறிவுகள் எங்கும் பரந்து, நிறுத்தக் குறியீடுகளும் பெரிய இழப்புகளும் கலந்திருந்தால் இரண்டாவது. தொழுநோய்ப் பற்றீரியாவின் ஜீனோம் 2001ஆம் ஆண்டு வெளியானபோது, 32.7 இலட்சம் மூலச்சோடிகளில் இயங்கும் பரம்பரையலகுகள் ஏறத்தாழ 1,600 மட்டுமே இருந்தன. 1,100க்கு மேற்பட்டவை பொய்ப்பரம்பரையலகுகள். அதன் உறவான காசநோய்ப் பற்றீரியாவில் நாலாயிரம் அளவில் உண்டு. விருந்தோம்பியின் கலத்துக்குள்ளேயே வாழத் தொடங்கியபின் பல வேலைகள் தேவையற்றுப்போக, அவற்றைக் காக்கும் தேர்வும் விலகிவிட்டது.

குறி: “அந்நியப்” பரம்பரையலகு ஒன்று கிடைத்திருக்கிறது

கிடைப்பது இயல்பே. சல்மனெல்லாவிலிருந்து பிரிந்தபின் ஈ. கோலைக்கு வெளியிலிருந்து வந்தவை அதன் 4,288 பரம்பரையலகுகளில் 755 என்று 1998ஆம் ஆண்டு லோரன்சும் ஓக்மனும் கணித்தனர். ஆனால் ஜி.சி. வீதம் குறைந்திருப்பதை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள். பற்றீரியாக்களில் விகாரமே அடனின்–தைமின் பக்கம் சாய்வது, எனவே தேர்வு தளர்ந்த சொந்தப் பகுதியும் அவ்வாறு தோன்றும். முதலில் மாசை விலக்குங்கள். அந்தப் பரம்பரையலகும் அதன் இருபுறத்துச் சொந்தப் பரம்பரையலகுகளும் ஒரே நீண்ட வாசிப்பில் தொடர்ந்து வருகின்றனவா? வாசிப்பு ஆழம் அயலோடு ஒத்திருக்கிறதா? எல்லையைக் கடக்கும் பி.சி.ஆர். பட்டை தருகிறதா? 2015ஆம் ஆண்டு நீர்க்கரடி என்னும் நுண்விலங்கின் ஜீனோமில் ஆறிலொரு பங்கு பெரும்பாலும் பற்றீரியாவிலிருந்து வந்ததென்று அறிவிக்கப்பட்டது. சில நாட்களுக்குள் வேறொரு குழு, அவற்றில் மிகப் பெரும்பாலானவை மாதிரியோடு வந்த பற்றீரியா மாசு என்று காட்டியது.

குறி: மரங்கள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை

உறவுமுறை மரங்கள் வரையப் பொதுவாகப் பயன்படும் 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. பரம்பரையலகு முற்றாக ஒன்றாயிருந்தும் ஜீனோம்கள் வேறுபடுவது வியப்பல்ல. அந்தப் பரம்பரையலகு மிக மெதுவாக மாறுவது. ஜீனோம் முழுவதையும் ஒப்பிட்டுச் சராசரி ஒற்றுமை 95 வீதத்துக்குக் கீழே இருந்தால் வேறினம் என்பது இன்று பொதுவாகக் கொள்ளப்படும் எல்லை.

ஒரே குடுவையின் இரு கொலனிகளுக்கிடையே நூற்றுக்கணக்கான வேறுபாடுகள் வந்தால் அவை எவ்வாறு பரந்துள்ளன என்று பாருங்கள். ஜீனோம் முழுவதும் சீராகப் பரந்து ஒரே வகை மாற்றமாக இருந்தால் மியூட்எஸ் போன்ற திருத்தும் பரம்பரையலகு பழுதாகியிருக்கலாம். லென்ஸ்கியின் பன்னிரண்டில் ஆறு குடித்தொகைகள் அவ்வாறு வேகமாக விகாரமடைவனவாக மாறின. வேறுபாடுகள் சில இடங்களில் கொத்துக்கொத்தாக நெருங்கியிருந்தால், வேறொரு குலவகையின் துண்டு மீள்சேர்க்கையால் உள்ளே வந்திருக்கிறது. அந்தக் கொத்துகளை நீக்கிவிட்டு மரத்தை மீண்டும் வரையுங்கள். நிறமூர்த்தத்தை இரண்டாகப் பகுத்துத் தனித்தனி மரங்களும் வரையுங்கள். அந்த இரு மரங்களும் ஒத்துவந்த பின்பே கிளைகளின் நீளத்தைக் காலமாக மாற்றிக் கணக்கிடத் தொடங்கலாம்.